ஒரு மா நிசப்தம்

பூவிளங்குடியில் வாய் சும்மா இருந்த நேரம் என்று ஒன்று கிடையாது. கோயில் மணி ஓய்ந்தால் ரைஸ்மில் பிடித்துக்கொள்ளும், ரைஸ்மில் பெல்ட் அறுந்து நின்றால் மினிபஸ் ஹாரன் வந்து சேரும், மினிபஸ் பஞ்சராகிக் கிடந்தால் அதில் ஏற நின்ற ஜனங்கள் ஹாரனைவிடப் பெரிய குரலில் டிரைவரை விசாரிப்பார்கள், அவர்களும் களைத்துப்போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று நினைக்கிற நேரத்துக்கு இருக்கவே இருக்கிறார் எங்கள் மைக்செட் தட்சிணாமூர்த்தி. கல்லால மரத்தடியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமலே உபதேசம் பண்ணுகிற சாமியின் பெயரை அவருக்கு வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் அவருடையது, ஆம்பிளிபயர் அவருடையது, பேச வேண்டியவர் வந்து சேர்கிறவரைக்கும் பேச்சும் அவருடையது. வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்தச் சந்திலும் "நேரத்தின் அருமை கருதி" என்று ஒரு வாக்கியத்தைச் செருகிவிடுவார்.

அவருடைய ஒரே மகள் வண்டார்குழலி. குழலி என்று பெயர் வைத்தால் குழலை அல்லவா ஊத வேண்டும், அவள் ஜப்பானுக்குப் போய் மேளம் அடித்தாள். எங்கள் ஊரில் பெயர்ப் பொருத்தம் அப்படித்தான் இருக்கும்.

நர்சிங் படித்துவிட்டு ஜப்பானில் ஒரு கடலோர ஊருக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் வேலைக்குப் போனவள் அவள். அந்த ஊரில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் மீன் ஏலக் கொட்டகையில் மேளம் பழகியது. மைக்செட் வீட்டில் பிறந்தவளுக்குச் சத்தம் கேட்கிற இடமெல்லாம் தாய்வீடு, நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்துக்குத் தலைவி கிதாகாவா என்கிற பல் டாக்டர். அவருக்கும் குழலிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பல் பிடுங்குவதற்கும் மேளம் அடிப்பதற்கும் மணிக்கட்டு ஒன்றுதான் என்பது அவருடைய கட்சி.

குழலி போன இரண்டாம் வருஷம் அவள் அம்மா அஞ்சலை காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்துபோனாள். அந்தச் சில நாளும் ஜப்பானிலிருந்து போன் வந்தது. அந்தச் சில நாளும் தட்சிணாமூர்த்தி, "அம்மா தூங்குறா பாப்பா, எழுப்ப வேணாம், அங்க குளிரு எப்படி, சாப்பிட்டியா, சரி வச்சிடறேன்" என்று மூச்சு விடாமல் சொல்லி வைத்துவிட்டார். குழலி வந்து இறங்கியபோது கருமாதிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது: ஏன் எனக்கு முன்னாடியே சொல்லலை? அதைக் கேட்பதற்குப் பேச்சில் ஒரு இடைவெளி வேண்டும். அந்த வீட்டில்தான் அது கிடையாதே. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா மழையைப் பற்றியோ டிரான்ஸ்பார்மரைப் பற்றியோ ஆரம்பித்துவிடுவார். கேட்காமலே விமானம் ஏறினாள். கேள்வி தொண்டையிலிருந்து இறங்கிக் கைக்குப் போய்விட்டது.

ஜப்பான் மேளத்தில், அடிக்கும் அடிக்கும் நடுவில் அடிக்காமல் விடுகிற இடத்துக்கு 'மா' என்று பெயர். பெரிய மேளத்தின் முன்னால் குழலி இரண்டு கோலையும் தூக்கி அப்படியே நிற்பாள். நிற்பாள், நிற்பாள், அப்புறம்தான் அடி விழும். கூட்டத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு மா வராது. முன்வரிசைப் பெரியவர்கள் எதற்கென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம். அதில் இருப்பது ஒரு பூவிளங்குடிக் கேள்வி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த வருஷம் அந்தக் கூட்டம் வெளிநாட்டுப் பயணம் கிளம்பியது. பினாங்கில் ஆடி, சென்னையில் ஆடி, கொழும்பில் முடிப்பதாக ஏற்பாடு. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவில் சும்மா கிடந்த நாட்களில் எங்கள் ஊருக்கு வந்து ஓர் ஆட்டம் போடலாமா என்று குழலி கேட்க, கிதாகாவாவும் சரி என்றார். மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாகக் கிடந்த நேரம். சாரங்கபாணியின் வயலை ஒட்டி மூங்கில் மேடை போட்டோம். பெரிய மேளம் தனி லாரியில் வந்தது. அதன் பெயர் ஓதைக்கோ என்றார்கள். "யாரை உதைக்கணும், அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார் டீக்கடை அமானுல்லா.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. நீலச் சட்டையும் நெற்றியில் கட்டிய துணியுமாக அவர்கள் 'ஸோரே' என்று கத்தினால் நாங்களும் கத்தினோம், 'இயோ' என்றால் அதற்கும் கத்தினோம். கடைசியில் எல்லோரும் ஒதுங்க, குழலி மட்டும் பெரிய மேளத்தின் முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அடித்தாள், அடித்தாள், மேடைக்கு அடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து பக்கத்து ஊருக்குப் போகும்படி அடித்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினாள்.

சத்தம் இல்லை என்றால் மைக்செட்காரருக்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ பழுது. தட்சிணாமூர்த்தி ஆம்பிளிபயரைத் தட்டினார், ஒயரை ஆட்டிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, அப்படியும் சத்தம் வரவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. மைக்கை எடுத்து, "அடுத்தபடியாக, நமது ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் ஜப்பான் நாட்டு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தி கௌரவிப்பார்கள்" என்று அறிவித்தார். சந்து கிடைத்தால் சால்வையைப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம், யாரும் யோசிக்கவில்லை. தலைவர் லோகாம்பாள் மேடை ஏறி, தூக்கிய கையோடு நின்ற குழலிக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். பார்வைக்கு மேளம்தான் கூட்டத்திலேயே பெரிய மனுஷனாகத் தெரிந்ததால் அதற்கும் ஒன்று போர்த்தினார். நாங்கள் கைதட்டினோம்.

அப்போது குழலியின் மா, பந்தியில் இலை கிடைக்காத தூரத்து உறவுக்காரரைப் போல, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மேடைப் படியில் இறங்கி, வரப்பைத் தாண்டி, சாரங்கபாணியின் வயலில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் முதலில் கவனித்தது ஆடுகள். மணி கட்டிய ஆடு வரப்பைத் தாண்டியதும் மணி ஆடியது, சத்தம் இல்லை. ஆட்டை விரட்ட வந்த சாரங்கபாணி வாயில் வந்ததை எல்லாம் திட்டிக்கொண்டே உள்ளே காலை வைக்க, "உங்கப்பன் வீட்டு..." என்பது வரைதான் எங்களுக்குக் கேட்டது. மிச்சத்தை உள்ளே திட்டிவிட்டு வந்தார். "என்னமோ காது அடைக்குது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதே நேரத்தில் குழலி பள்ளிக்கூடத்து மைதானத்தில் பயிற்சிக்காக மேளத்தைத் தொட்டாள். அடி விழுந்தது, அடியின் மேல் அடி விழுந்தது, தகரக் கூரையில் அடைமழை மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. நிறுத்தலாம் என்று கையைத் தூக்கினால் கை நிற்கவில்லை. கிதாகாவா உற்றுக் கேட்டார். தமிழ்நாட்டுக்கு வந்து அவர் கற்றிருந்த ஒரே தமிழ்ச் சொல் 'இல்லை'. ஓட்டல்களில் அதைத்தான் அதிகம் சொல்லியிருந்தார்கள். தெரிந்ததை வைத்துச் சொன்னார்.

"குழலி, மா இல்லை."

பக்கத்தில் நின்ற தட்சிணாமூர்த்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் மா என்றால் நிலம், நூறு குழி கொண்டது ஒரு மா. நிலம் இல்லை என்று சபையில் சொன்னால் சட்டையைக் கழற்றி அடித்த மாதிரி. "யாருக்கு மா இல்லை? எம் பொண்ணுக்கா? அவ அம்மா வழியில வாய்க்கால் ஓரமா ரெண்டு மா, முப்போகம்! இந்த அம்மாவை வந்து பாக்கச் சொல்லுங்க. எவன் சொன்னான் மா இல்லைன்னு?" என்று குதித்தார். இடியாப்பக் கடை தனபாக்கியத்துக்கோ மா என்றால் மாவு. "அய்ய, இதுக்கா சண்டை? பாவம், வெளியூர்க்காரங்க. எத்தனை படி வேணும்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அரிசியை ஊறப்போடப் போய்விட்டாள்.

குழலி எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். அடிக்காத இடம் என்று ஒன்று உண்டு, தன்னுடைய அடிக்காத இடம் நேற்று ராத்திரி மேடையில் இடமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. சாரங்கபாணி உடனே கையைத் தூக்கினார். "அது எங்க வயல்லதாம்மா கிடக்கு. ஆடு மேஞ்சுக்கிட்டிருக்கு."

கிராம நிர்வாக அலுவலர் அளவுச் சங்கிலி எடுத்து வந்தார். சத்தம் எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது என்று கைதட்டிக்கொண்டே நடந்து நான்கு மூலையிலும் முளை அடித்து அளந்தார். சரியாக ஒரு மா. கூடவும் இல்லை குறையவும் இல்லை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அந்த அளவுக்குத்தானே வரும்" என்றார் அவர். நஞ்சையா புஞ்சையா என்று தாலுக்கா ஆபீசைக் கேட்டதற்குத் தரிசு என்று பதில் வந்தது.

கூட்டம் சாமான்களோடு முன்னதாகவே சென்னைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கிதாகாவா நடுத்தர மேளம் ஒன்றைக் குழலியிடம் விட்டுவிட்டு, பல் டாக்டர் பாஷையில் புத்தி சொன்னார். "பல் விழுந்துவிட்டால் பயமில்லை, சீக்கிரம் கொண்டுவந்தால் திரும்பப் பதிக்கலாம். ஆனால் அதன் இடம் காலியாக இருக்க வேண்டும். பக்கத்துப் பல் சாய்ந்து அந்தச் சந்தை அடைத்துவிட்டால் போச்சு. மறுபடி அடி. கையைத் தூக்கு. அந்த இடத்தை யாரும் நிரப்பாமல் இருந்தால் அது தானே வரும்." பிறகு, சொல்ல மனமில்லாமல் சொன்னார், மா இல்லாமல் வந்தால் கொழும்பில் பெரிய மேளத்தை வேறொருவர்தான் அடிக்க வேண்டியிருக்கும். குழலி தலையை ஆட்டினாள். பெரிய மேளம் போனால் போகட்டும். அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ள உலகத்தில் அவளுக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது.

ஆனால் ஊர் இருக்கிறதே, அது கல்லைத் தின்றாலும் செரித்துவிடும். இரண்டு பொழுதுக்குள் அந்த ஒரு மா எங்களுக்குப் பழகிவிட்டது, அதற்கடுத்த பொழுதில் அது இல்லாமல் எப்படி இத்தனை காலம் குடித்தனம் பண்ணினோம் என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தோம். கீழத்தெருப் புருஷன் பெண்டாட்டிகள் ஜோடி ஜோடியாகப் போய், செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு, உள்ளே நின்று கையை நீட்டி நீட்டி ஆசைதீரச் சண்டை போட்டுவிட்டு, அக்கம்பக்கத்துக்கு ஒரு சொல் கேட்காத திருப்தியில் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். அழுகிற பிள்ளையோடு உள்ளே போன தாய்மார்கள், பிள்ளை வாய் கிழிய அழ, பக்கத்தில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் புத்தகத்தோடு போனார்கள், படித்தார்களா என்பதை ரிசல்ட் வந்தால் பார்க்கலாம். சாரங்கபாணி, தன் வயல்தானே என்ற உரிமையில், வாலிபத்திலிருந்தே ஊர் பாடவிடாமல் தடுத்து வைத்திருந்த காம்போதி ராகத்தை முழுசாகப் பாடி முடித்தார். கிராம நிர்வாக அலுவலர் தினமும் ஒருமுறை உள்ளே போய், தாலுக்கா ஆபீஸ் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, விரலை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டு, முகம் தெளிந்து வருவார். கிராம சபைக் கூட்டத்தையே தலைவர் லோகாம்பாள் அங்கே நடத்தினார். ஒருவரும் ஆட்சேபிக்க முடியாததால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

யாரோ மூலை முளைக்கு மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அமானுல்லா ஒரு பெஞ்சை வரப்போரம் கொண்டுவந்து போட்டார். "உள்ள போறவங்க போங்க, வெளிய வந்ததும் நாக்கு வறண்டு போவும், டீ சாப்பிடணும்ல" என்பது அவர் கணக்கு.

ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், தட்சிணாமூர்த்தி. கேரியரில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும்போது அந்த வயலைச் சுற்றி வேறு வழியாகப் போவார். தன் வாயே தனக்குக் கேட்காத இடத்தில் அவருக்கு என்ன வேலை? வீட்டில் மகளிடம் மட்டும் பேச்சு குறையவில்லை. "தோசை வார்க்கட்டுமா, கொசுவலை கட்டட்டுமா, டிரான்ஸ்பார்மர்ல காக்கா செத்துப்போச்சாம்" என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு விடியற்காலையில் அவர் வயலுக்கு நடுவில் தனியாக நின்றதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். வாய் அசைந்ததாம், வெகுநேரம் அசைந்ததாம். என்ன பேசினார் என்று கேட்டதற்குப் பால்காரர், கேட்காததுதானே அந்த இடத்தின் விசேஷம் என்று சொல்லிவிட்டார்.

குழலி ஊரைக் கூட்டி, என் மாவை எனக்குத் திருப்பித் தர உதவி செய்யுங்கள், எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும் என்று கேட்டாள். ஊர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டது.

"வீடு தேடி வந்ததைத் தொரத்துறது பாவம்மா" என்றார் லோகாம்பாள்.

"உனக்கு ஜப்பான்ல வேற கிடைக்கும். அவங்க ஊர்ல இது நிறைய வெளையுதுன்னு நீதானே சொன்னே?" என்றார் சாரங்கபாணி.

குழலி நேராக வீட்டுக்குப் போனாள். மேளத்தை எடுத்துக் கடைத்தெருவில் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். அவளிடம்தான் சந்து என்பதே இல்லையே, காலையில் தொடங்கிய அடி மதியம்வரைக்கும் இடைவிடாமல் ஓடியது. அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. நாங்கள் எப்போதும் பேசிக்கொண்டிருந்ததே அடுத்தவர் மூச்சு வாங்குகிற சந்தில்தான். இவளோ மூச்சுவிட இடம் தரவில்லை, எங்கே பேச்சை வைப்பது? அமானுல்லாவிடம் டீ கேட்க முடியவில்லை, கேட்டவருக்கு அவர் இல்லை என்று சொல்ல முடியவில்லை. உச்சிவெயிலில் லோகாம்பாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"தாயே, எடுத்துக்கிட்டுப் போ."

அன்று சாயங்காலமே வரப்போரம் மேளத்தை வைத்து ஊர் கூடியது. குழலி அடித்து, கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. வயல் பக்கம் ஏதோ எழுந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒருவர், "உஷ்! யாரும் பேசாதீங்கடா!" என்றார். "நீதாண்டா பேசுறே" என்றார் அடுத்தவர். "ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று பத்துப் பேர் சொன்னார்கள். எழுந்தது மறுபடி உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது தடவை உண்மையிலேயே ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. வயலோரத்துத் தாளெல்லாம் அசைந்து, மா வரப்புவரை வந்துவிட்டது. அத்தனை அமைதியைத் தன் ஆயுளில் கண்டிராத தட்சிணாமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கை எடுத்து, "அமைதி காத்த பொதுமக்களுக்கு விழாக்குழு சார்பாக நன்றி, நன்றி, நன்றி" என்று சொல்லிவிட்டார்.

குழலி கோலைக் கீழே போட்டாள். மறுநாள் மாலை சென்னையில் விமானம், விடிந்தால் கிளம்பியாக வேண்டும். "ஒரு நிமிஷம்ப்பா" என்றாள். "ஒரே ஒரு நிமிஷம் உங்களால சும்மா இருக்க முடியாதா? எனக்காக?"

தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தார். மழையைப் பற்றியோ தோசையைப் பற்றியோ வரப்போகிறது என்று எல்லோரும் பார்த்தோம். ஒன்றும் வராமல் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் தனபாக்கியம் தலையில் ஒரு பெரிய அண்டாவோடு வந்தாள். மா இல்லை என்று ஜப்பான்காரம்மா சொன்ன அன்று அவள் ஊறப்போட்ட அரிசி, இடித்துச் சலித்து மாவாகி, வாங்க ஆளில்லாமல் காத்துக் கிடந்தது. வீணாக்க மனம் வராமல் அத்தனையையும் கொழுக்கட்டையாகப் பிடித்து அவித்திருந்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையான்னு ஊமையாட்டம் நிக்கிறவனைத்தானே கேப்போம்? இந்த ஊர்ல ஒரு நாளாவது யாரையாவது அப்படிக் கேட்டிருக்கமா? ஆளுக்கு ஒண்ணு வாயில போடுங்க. முழுங்கக்கூடாது, மெல்லக்கூடாது. எவன் பேசுறான்னு பாக்குறேன்" என்றாள்.

லோகாம்பாள் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு கொழுக்கட்டை. கன்னம் புடைக்க நின்றோம். தட்சிணாமூர்த்திக்கு மட்டும் அவள் இரண்டு கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். மைக் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கி, சுற்றிக் கீழே வைத்துவிட்டு, இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டார்.

குழலி அடித்தாள். கையைத் தூக்கினாள்.

எங்கள் ஊரில் காற்றுக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் மதகைத் தொட்டுப் போகிற சத்தம், யாரோ வீட்டில் உலை கொதிக்கிற சத்தம், இத்தனை வருஷமாக அங்கேதான் இருந்திருக்கின்றன. மா எழுந்தது. ஆடையில் ஒட்டிய தாளைத் தட்டிவிட்டுக்கொண்டு வருகிற ஆளைப் போல வரப்பைத் தாண்டி, எங்களுக்கு நடுவே நடந்து, குழலியின் தூக்கிய கைகளுக்கு நடுவில் போய் நின்றது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தட்சிணாமூர்த்தி இரண்டு கொழுக்கட்டைக்கு மேல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அடி விழுந்தது. ஒரே அடி.

மாவைக் கிளப்பினால் அதில் போட்டுவைத்ததெல்லாம் என்ன ஆகும் என்று நாங்கள் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. மடை திறந்த மாதிரி வயலிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. முதலில் ஆட்டு மணி, அப்புறம் சாரங்கபாணியின் பாதித் திட்டு, அவருடைய காம்போதி, ஊர் ஏன் அதைத் தடுத்தது என்பதற்கான காரணம் அத்தனையும் சேர்ந்து. கீழத்தெருச் சண்டைகள் யார் வீட்டுப் பெயரையும் விடாமல் கேட்டன. "தாசில்தார்னா பெரிய இவனாடா நீ?" என்றது கிராம நிர்வாக அலுவலரின் குரல். "எனக்கு இந்தப் பதவியே வேணாம், எங்க வீட்டுக்காரருதான் நிக்க வச்சாரு, எனக்கு நிம்மதியா ஒரு நாள் தூங்கணும்" என்றது லோகாம்பாளின் குரல். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுதன. கன்னம் புடைக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மறுக்கவும் வழியில்லாமல் நின்றோம்.

எல்லாம் தீர்ந்த பிறகு கடைசியாக ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமல் அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை, அதனால் யாருடையது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அஞ்சலை, பொண்ணு வந்திருக்கா. உன்னை மாதிரியே கையைத் தூக்கித் தலை முடியறா. அவளைக் கூப்பிடுங்கன்னு நீ கேட்டே. நாலு நாளும் கேட்டே. நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு நான்தான் சொல்லலை. சொன்னா நீ போயிடுவேங்கிறது நெசமாயிடுமோன்னு பயமா இருந்துச்சு. இப்ப அவ எப்பப் பாத்தாலும் என் வாயையே பாக்குறா. கேட்டுடுவாளோன்னுதான் பேசிக்கிட்டே இருக்கேன். நிறுத்துனா கேட்டுடுவா. கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நீயே சொல்லு, நான் என்ன சொல்லுவேன்?"

அவ்வளவுதான். வயல் காலியாகிவிட்டது.

தட்சிணாமூர்த்தி அந்த இடத்திலேயே குந்திவிட்டார். வாயில் கொழுக்கட்டை, ஒரு சொல் சொல்ல வழியில்லை, சொல்வதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. குழலி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கோபமாக இருந்தாள், அது முகத்தில் தெரிந்தது. அழுதாள், அதுவும் தெரிந்தது. வெகுநேரம் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே பேசப்படாமல் கிடந்தது, அதை யாரும் நிரப்பவில்லை. அப்புறம் அவள்தான் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

அவர் வாயைச் சுட்டிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் போய்ப் புரையேறி, தலையில் தட்ட நாலு பேர் ஓட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டதைப் பற்றி எங்கள் ஊரில் இதுவரைக்கும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருக்கவும் எங்களுக்குத் தெரியும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். லோகாம்பாளை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் எழுப்புவதில்லை.

கொழும்பில் ஆட்டம் நடந்த அன்று குழலி மேடையோரம் ஒருவர் கையில் தன் போனைக் கொடுத்து அப்பாவுக்குப் போட்டிருந்தாள். தட்சிணாமூர்த்தி அமானுல்லா கடை பெஞ்சில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டம் டம் என்று எங்களுக்கே லேசாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றிருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னண்ணே, லைன் கட்டாயிடுச்சா?" என்றார் அமானுல்லா.

தட்சிணாமூர்த்தி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அடி விழுந்தது. அது கடலைத் தாண்டி வந்து ஓய்கிறவரை காத்திருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இல்லப்பா. எம் பொண்ணு பேசிக்கிட்டிருந்தா."